பெரிய சக்கரம் போட்டால் சவாரி சுகமாகுமா?

காருக்குப் பெரிய சக்கரம் போட்டால் பார்ப்பதற்கு அழகு. ஆனால் பின் சீட்டில் இருப்பவர் இடுப்பு என்ன சொல்கிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல்களில் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

"ஏனுங்கண்ணா, காருக்குப் புதுச் சக்கரமுங்களா? ஜோரா இருக்குதுங்க!"

"பார்க்க ஜோர்தானுங்க. ஆனா, எங்கம்மா பின் சீட்டிலே உட்காரமாட்டேங்கறாங்க. ரோட்டிலே இருக்கிற கல்லெல்லாம் எண்ணலாமாம்!"

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. காரின் சக்கரத்தை மாற்றிய பல வீடுகளில் நடக்கிற வழக்குதான் இது. மகனுக்கு அழகு வேண்டும். தாய்க்குச் சுகம் வேண்டும். இரண்டும் ஒரே சக்கரத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கணக்குத் தெரிந்து வாங்கினால்தான் கிடைக்கும்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

"சக்கரம் பெரிதானால் குலுங்காது" என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மாட்டு வண்டியிலிருந்து வந்தது.

திருப்பூருக்கு அருகில்தான் காங்கேயம் இருக்கிறது. காங்கேயம் காளையைத் தெரியாதவர் யார்? அந்தக் காளைகள் இழுத்த வண்டியின் சக்கரம் எவ்வளவு உயரம் என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஓர் ஆளின் மார்பு உயரம்!

அதற்குக் காரணம் உண்டு. சின்னச் சக்கரம் பள்ளத்தைக் கண்டால் உள்ளே விழும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தின் மேலே பாலம் போட்டதுபோல் உருண்டு போய்விடும். ஆகவே, பெரிய சக்கரம் நல்லது என்பது உண்மை.

ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. அந்த மர வண்டியில் போனவர்களுக்கு உடம்பு வலிக்காமல் இருந்ததா? நன்றாக வலித்தது! சக்கரம் பெரிதுதான். ஆனால் அது மரம். அதைச் சுற்றி இரும்புப் பட்டை. அடி விழுந்தால் அது வளைந்து கொடுக்காது. அடி முழுவதும் நேராக மேலே வரும்.

அதனால்தான் வசதி உள்ளவர்கள் வில் வண்டி செய்துகொண்டார்கள். இருசின் மேல் இரும்பு வில்லைப் போட்டு, அதன் மேல் கூண்டை வைத்தார்கள். சக்கரம் குதித்தால் வில் அமுங்கும். உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் குறையும்.

ஆக, சவாரி சுகத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, சக்கரத்தின் மொத்த உயரம். மற்றொன்று, அடியை வாங்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும் தன்மை.

இந்த இரண்டையும் மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் மேல் ஒரு கார்

மரச் சக்கரத்துக்குப் பிறகு கட்டி ரப்பர் வந்தது. அதிலும் குலுக்கல் போகவில்லை. குலுக்கலைக் குறைத்தது ரப்பருக்குள் காற்றை அடைக்கும் யோசனைதான்.

ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தக் காலத்தில் அது பரவவில்லை.

1888-ம் ஆண்டில் ஜான் டன்லப் என்பவர் அதை மறுபடியும் கண்டுபிடித்தார். அவர் கால்நடை மருத்துவர். அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் இருந்தார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காகவே ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார்.

வேகத்துக்காக அல்ல, பிள்ளையின் சுகத்துக்காகப் பிறந்ததுதான் டன்லப்பின் காற்று டயர்!

1895-ம் ஆண்டில் பாரிஸ் - போர்டோ பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் போட்ட மோட்டார் காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் காருக்குக் காற்று டயர் பொருந்தும் என்று உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் மோட்டார் சீக்கிரமே வந்தது. 1920-ம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ள உடுமலைப்பேட்டை அந்த வழியில்தான் இருக்கிறது.

சென்னை திருவொற்றியூரில் 1946-ம் ஆண்டில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் கம்பெனி, பிறகு டயர் செய்யும் எம்.ஆர்.எப். ஆயிற்று. பலூனும் டயரும் ஒரே ஜாதிதானே! இரண்டும் ரப்பருக்குள் காற்றை அடைத்து வைப்பவை.

ஒன்றைக் கவனியுங்கள். காரைத் தாங்குவது ரப்பர் அல்ல. உள்ளே இருக்கும் காற்று. டயர் என்பது காற்றை வைத்திருக்கும் பைதான். நான்கு டயர்களும் தரையில் படும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் குடும்பமே பிரயாணம் செய்கிறது.

டயரின் ஜாதகம்

உங்கள் வீட்டுக் காரின் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் சில எண்கள் இருக்கும். அதுதான் டயரின் ஜாதகம்.

உதாரணமாக, 185/65 ஆர் 15 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

185 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு.

65 என்பது டயர்ச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்று பொருள். அதாவது 185-ல் 65 சதவீதம். ஏறக்குறைய 120 மில்லி மீட்டர்.

'ஆர்' என்றால் ரேடியல் டயர். 1946-ம் ஆண்டில் மிஷலின் கம்பெனி காப்புரிமை வாங்கிய முறை இது. இன்று கார்களில் இதுதான் வழக்கம்.

15 என்பது நடுவில் உள்ள ரிம்மின் குறுக்களவு. இது மட்டும் அங்குலக் கணக்கு.

இதற்கு அடுத்து 88 எச் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண், அந்த டயர் தாங்கும் பாரத்தைக் காட்டும் குறி. 88 என்றால் 560 கிலோ. 84 என்றால் 500 கிலோ. எழுத்து, வேகத்தைக் காட்டும் குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோ மீட்டர் வரை.

இன்னொரு நாலு இலக்க எண்ணும் இருக்கும். அது டயர் பிறந்த தேதி. 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். புது டயர் என்று பழைய சரக்கை யாரும் தள்ளிவிடாமல் இதைப் பார்த்து வாங்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது பெரிய சக்கரத்துக்கு வருவோம்.

"14 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 16 போட்டேன்" என்கிறார் ஒருவர். அவருடைய கார் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதா? இல்லை!

பெரிதானது ரிம்தான். டயரின் மொத்த உயரம் மாறவில்லை. மாறவும் கூடாது. மாறினால் டயர் உள்ளே உரசும். வேகம் காட்டும் முள் பொய் சொல்லும்.

இதோ நான்கு அளவுகள்:

165/80 ஆர் 14: சுவரின் உயரம் 132 மில்லி மீட்டர். மொத்த உயரம் 620.

185/65 ஆர் 15: சுவர் 120. மொத்த உயரம் 621.

195/55 ஆர் 16: சுவர் 107. மொத்த உயரம் 621.

205/45 ஆர் 17: சுவர் 92. மொத்த உயரம் 616.

மொத்த உயரத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுதான். சுவரைப் பாருங்கள். 132 மில்லி மீட்டர் 92 ஆகிவிட்டது!

ரிம் வளர்ந்தது. ரப்பர்ச் சுவர் குறைந்தது. இரும்புக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த மெத்தை மெலிந்துவிட்டது.

14-லிருந்து 16-க்குப் போனால் ஓர் அங்குல மெத்தை போய்விடுகிறது. 17-க்குப் போனால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போய்விடுகிறது.

இப்போது மாட்டு வண்டிப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். சுகத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும் என்றோம். மொத்த உயரம் கூடவில்லை; அதனால் பள்ளத்தைத் தாண்டும் லாபம் இல்லை. வளைந்து கொடுக்கும் சுவர் குறைந்தது; அதனால் நஷ்டம் உண்டு.

"பெரிய சக்கரம்" என்று நாம் சொல்வது உண்மையில் பெரிய ரிம்தான். பெரிய சக்கரம் அல்ல!

பனியனும் பேண்ட் துணியும்

இதைத் திருப்பூர்க்காரருக்குச் சொல்வது சுலபம்.

பனியன் துணியை இழுத்துப் பாருங்கள். நீளும். விட்டால் பழையபடி ஆகும். ஏனென்றால் அது பின்னல் துணி. நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கிறது. இழுத்தால் வளையம் விரிந்து கொடுக்கும்.

பேண்ட் தைக்கும் டிரில் துணியை இழுத்துப் பாருங்கள். அசையாது. அது தறியில் நெய்த துணி. விறைப்பாக நிற்கும். மடிப்புக் கலையாது.

உயரமான டயர்ச் சுவர், பனியன் மாதிரி. வளைந்து கொடுக்கும். உடம்புக்குச் சுகம்.

குட்டையான டயர்ச் சுவர், டிரில் துணி மாதிரி. விறைப்பாக இருக்கும். கம்பீரம் உண்டு, கொடுத்துப் போகும் குணம் குறைவு.

இன்னொரு செய்தி தெரியுமா? டயருக்குள்ளும் நூல் இருக்கிறது! ரப்பருக்கு நடுவே நூல் அடுக்குகளை வைத்துத்தான் டயர் செய்கிறார்கள். ஆரம்பத்தில் அது பருத்தி நூல். பிறகு ரேயான் வந்தது. அதற்குப் பிறகு நைலானும் பாலியெஸ்டரும் வந்தன. சென்னையை அடுத்த மணலியில் டயருக்கான நைலான் நூல் துணி செய்யும் ஆலையே இருக்கிறது.

ஆகவே, கார் டயரும் ஒரு வகையில் ஜவுளிதான்!

மூன்று மெத்தைகள்

காரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரோட்டுக்கும் நடுவே மூன்று மெத்தைகள் உண்டு.

முதல் மெத்தை, டயரின் காற்று. சின்னக் கல், ரோட்டின் சொரசொரப்பு, தார் ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பு ஆகியவற்றை இது விழுங்கிவிடும்.

இரண்டாவது மெத்தை, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். பள்ளம், வேகத்தடை போன்ற பெரிய ஆட்டத்தை இது தாங்கும்.

மூன்றாவது மெத்தை, சீட்.

முதல் மெத்தையை மெலிய வைத்தால் என்ன ஆகும்? அது விழுங்கவேண்டிய சின்னச் சின்ன அடிகள் மற்ற இரண்டுக்கும் போகும். ஸ்பிரிங்குக்குச் சின்ன அடிகளை விழுங்கும் திறமை அவ்வளவாக இல்லை. ஆகவே, அவை 'கடகட' என்று மேலே வந்துவிடும்.

"பெரிய பள்ளத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நல்ல ரோட்டிலேயே ஏதோ நடுங்குகிறது" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நாளடைவில் ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட் முதலியவையும் சீக்கிரம் தேயலாம். அந்தச் செலவு, சக்கரம் வாங்கிய பில்லில் இருக்காது!

செருப்பும் பூட்சும்

இன்னொரு விஷயமும் உண்டு. அது எடை.

ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். பிறகு கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எதில் கால் சீக்கிரம் தூக்குகிறது? செருப்பில்தானே?

காரின் சக்கரமும் அப்படித்தான். ஒவ்வொரு மேட்டிலும் அது மேலே எழும்பிக் கீழே இறங்கவேண்டும். சக்கரம் கனமானால் ஸ்பிரிங்கினால் அதை அடக்க முடியாது. சக்கரம் துள்ளும். அந்தத் துள்ளல் காருக்குள் தெரியும்.

"அலாய் வீல் என்றால் எடை குறைவு" என்பார்கள். அதே அளவுள்ள இரும்புச் சக்கரத்தைவிட அது இலேசாக இருக்கலாம். ஆனால் 14 அங்குல இரும்புச் சக்கரத்தை எடுத்துவிட்டு 17 அங்குல அலாய் வீல் போட்டால், எடை குறையாமல் கூடவும் செய்யலாம். கடையில் ஒரு தராசு வைத்து இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிடலாம். நூல் வாங்கும்போது நிறுக்கிறோம். சக்கரம் வாங்கும்போது நிறுத்தால் என்ன?

நன்மையே இல்லையா?

உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

குட்டைச் சுவர் டயர், வளைவில் சாயாது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். அகலம் கூடுவதால் காய்ந்த ரோட்டில் பிடிப்பும் கூடும். பெரிய பிரேக் தட்டு வைப்பதற்கு ரிம்முக்குள் இடம் கிடைக்கும். வேகமாக நெடுந்தூரம் போகிறவருக்கு இவை நல்ல குணங்கள்.

அழகும் ஒரு நன்மைதான். அதைக் குறை சொல்லவேண்டியதில்லை. பனியனுக்குச் சாயம் போடுவதும் அழகுக்காகத்தானே!

ஆனால் அகல டயருக்கு வேறு குணங்களும் உண்டு. உருளும்போது இழுவை கூடுவதால் பெட்ரோல் சற்று அதிகம் குடிக்கலாம். இரைச்சல் கூடலாம். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போனால், அகல டயர் தண்ணீரின் மேல் ஏறி வழுக்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

உங்கள் கார் எந்த ரோட்டில் ஓடுகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி.

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கட்டடத்தில் பிறப்பது அபூர்வம். நூல் ஓரிடம். பின்னல் ஓரிடம். சாயம் வேறிடம். பிரிண்டிங் ஓரிடம். தையல் இன்னோரிடம். துணி ஊரைச் சுற்றி வருகிறது. துணியின் பின்னால் முதலாளியின் காரும் சுற்றி வருகிறது.

அந்தக் கார் போவது பெரிய ரோட்டில் மட்டும் அல்ல. சந்தில் போகவேண்டும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் போகவேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கவேண்டும். சரக்கு வண்டிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி ஏறவேண்டும். இப்படிப்பட்ட காருக்கு உயரமான டயர்ச் சுவர்தான் நண்பன்.

அவிநாசிப் பக்கம் ஏறி, சேலம் - கோவை தேசிய நெடுஞ்சாலையில் தினமும் போய் வருகிறவர் வேறு. அவருக்கு ஓர் அளவு பெரிய ரிம் அவ்வளவு தொல்லை தராது.

பள்ளத்தில் விழும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. சுவர் உயரமாக இருந்தால் காற்று அடியை வாங்கிக்கொள்ளும். சுவர் குட்டையானால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கும். உள்ளே நூல் அறுந்துவிடும். பிறகு டயரின் பக்கத்தில் கொப்புளம்போல் வீங்கும்.

அந்த வீக்கத்தைக் கண்டால் அலட்சியம் வேண்டாம்! அந்த இடத்தில் காற்றைப் பிடித்து நிறுத்துவது வெறும் ரப்பர்தான். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அதற்கு ஒட்டுப் போட முடியாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

இரும்பு ரிம் அடிபட்டால் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம் விரிசல் விடவும் கூடும். விரிசல் விட்ட ரிம்மை ஒட்டவைத்து ஓட்டுவது ஆபத்து.

முள் சொல்லும் பொய்

சிலர் ரிம்மையும் பெரிதாக்கி, சுவரையும் உயரமாக வைப்பார்கள். "இரண்டு லாபமும் கிடைக்கட்டும்" என்பது அவர்கள் எண்ணம். இதில் வேறு வம்பு வரும்.

185/65 ஆர் 15 இருந்த காருக்கு 205/65 ஆர் 16 போட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்த உயரம் 621-லிருந்து 673 மில்லி மீட்டர் ஆகிறது. நூற்றுக்கு எட்டுக்கு மேல் கூடிவிட்டது.

இப்போது முள் 80 என்று காட்டும். ஆனால் கார் உண்மையில் மணிக்கு 86 கிலோ மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்! ஓட்டுபவருக்கு அது தெரியாது. பிரேக் போட்டால் கார் நினைத்த இடத்தில் நிற்காது. இழுவை குறையும். ஐந்து பேர் ஏறினால் டயர் உள்ளே உரசும்.

மொத்த உயரம் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் மாறக்கூடாது என்பது டயர்க்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியில் செய்யும் மாறுதலைப் பற்றியது. கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியது.

ஒரே கார் மாடலில் விலை குறைந்த காருக்கு 14 அங்குலமும், விலை கூடிய காருக்கு 15 அங்குலமும் கம்பெனியே போட்டுத் தருவது உண்டு. அப்படிக் கம்பெனி ஒப்புக்கொண்ட அளவோடு நிற்பது எல்லாவற்றுக்கும் நல்லது. அந்த அளவுக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கையும் உரசாத இடத்தையும் அவர்கள் சோதித்திருப்பார்கள்.

அதற்கு மேல் போகிறவர்கள், முன்கூட்டியே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட முன்னால் கேட்பது சுலபம்.

வாங்கும் முன் செய்யவேண்டியவை

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. உங்கள் கார் மாடலிலேயே பெரிய சக்கரம் உள்ள ஒரு காரைத் தேடுங்கள். சொந்தக்காரரிடமோ நண்பரிடமோ இருக்கலாம். அதில் ஒரு முறை போய் வாருங்கள்.

2. ஓட்டுபவர் இடத்தில் உட்காராதீர்கள். பின் சீட்டில் உட்காருங்கள்! ஓட்டுபவர் பள்ளத்தை முன்பே பார்த்துவிடுகிறார்; ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்குத்தான் குலுக்கல் முழுவதும் தெரியும்.

3. வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். தீர்ப்புச் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்தான்.

4. நல்ல ரோட்டில் போய்ப் பார்த்துப் பயனில்லை. நீங்கள் தினமும் போகும் ரோட்டில் போங்கள்.

5. புது டயரின் பாரக் குறி பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அழகைப் பார்த்துப் பாரத்தை விட்டுவிடாதீர்கள்.

6. ஸ்டெப்னியை மறக்காதீர்கள். நான்கு சக்கரம் மாறி, ஐந்தாவது பழைய அளவிலேயே இருந்தால், பஞ்சர் ஆன ராத்திரியில் தெரியும் வேதனை! மொத்த உயரமும் போல்ட்டும் பொருந்துகிறதா என்று அன்றைக்கே மாட்டிப் பாருங்கள்.

7. மாற்றிய பிறகு அலைன்மெண்டும் பேலன்சிங்கும் செய்யவேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் சற்று அகலமாக்கலாம். 165/80 ஆர் 14-க்குப் பதில் 185/70 ஆர் 14 போட்டால் சுவரின் உயரம் 132-லிருந்து 129-க்கு மேல்தான் இருக்கும். மெத்தை ஏறக்குறைய அப்படியே இருக்கும், பிடிப்புக் கூடும். பழைய ரிம்மின் அகலம் அதற்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அவ்வளவுதான்.

காசில்லாத வைத்தியம்

ஏற்கெனவே பெரிய சக்கரம் போட்டாகிவிட்டது. குலுங்குகிறது. என்ன செய்வது?

முதலில் காற்றைப் பாருங்கள். "கொஞ்சம் கூடவே அடித்து வைங்க" என்று சொல்லும் வழக்கம் பலரிடம் உண்டு. காற்று கூடினால் டயர் கல்லாகிவிடும். குறைந்தால் சுவர் சூடேறிக் கிழியும். இரண்டும் கெடுதல்.

ஓட்டுபவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். கம்பெனி டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். இரண்டு பேர் போனால் ஓர் அளவு. சாமானோடு ஐந்து பேர் போனால் ஓர் அளவு. வேறு அளவு டயர் போட்டவர்கள், அந்த டயருக்கு ஏற்ற அளவை டயர்க் கம்பெனியின் அட்டவணையைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் பார்க்கவேண்டும். ஓடிச் சூடான டயர் அதிகமாகக் காட்டும்.

டயரின் பள்ளக் கோடுகளுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால், 1.6 மில்லி மீட்டர்தான் மிச்சம் என்று பொருள். அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

காற்றும் சரி, அலைன்மெண்டும் சரி, ஷாக் அப்சார்பரும் சரி. அப்படியும் குலுங்கினால், பழைய சக்கரத்தை ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

அதனால்தான் பழைய சக்கரத்தை அவசரப்பட்டு விற்கக்கூடாது. ஒரு மாதமாவது வீட்டில் இருக்கட்டும்.

கார் வாங்கியது எதற்காக? அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக. பிள்ளைத்தாய்ச்சியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப. குழந்தைகளோடு பழனிக்குப் போய் வர. அவர்கள் யாரும் வெளியே நின்று சக்கரத்தைப் பார்க்கப் போவதில்லை. உள்ளே உட்கார்ந்து வரப் போகிறார்கள்.

சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!